நாய்க்குட்டியின் கடிகாரம்

பிறந்து ஒரு வாரமே ஆன நாய்க்குட்டிக்குக் கண் திறந்திருக்காது. காது கேட்காது. தானாகச் சிறுநீர் கழிக்கவும் அதனால் முடியாது. தாய் அதன் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கிவிட வேண்டும். அந்தத் தொடுதல் தண்டுவடத்தை எட்டினால்தான் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் சுருங்கும். வெளிவருவதைத் தாயே நக்கி விழுங்கிவிடும். தாயை இழந்த குட்டிகளை எடுத்து வளர்ப்பவர்கள், ஒவ்வொரு முறை பால் புகட்டிய பிறகும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மெல்லத் தடவிக் கொடுப்பது இதனால்தான். இதைச் செய்யாமல் விட்டால் கழிவு உள்ளேயே தேங்கிக் குட்டி இறந்தும் போகலாம்.

தாய் செய்யும் இந்த வேலையால் குட்டிகள் படுத்திருக்கும் இடம் காய்ந்தே இருக்கிறது. முதல் இரண்டு வாரங்களில் தம் உடல் சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் திறன் குட்டிகளுக்குக் கிடையாது. ஈரத்தில் கிடந்தால் சீக்கிரமே குளிர்ந்துவிடும். தேங்கிய கழிவில் கிருமிகளும் புழுக்களும் பெருகும். சுத்தமான படுக்கை அவற்றுக்கு உயிர்ப் பாதுகாப்பு.

மூன்றாவது வாரத்தில் நிலைமை மாறுகிறது. கண் திறந்து, காது திறந்து, கால்கள் உடலைத் தாங்கத் தொடங்குகின்றன. தாயின் நாக்கு இல்லாமலே கழிவு வெளியேறுகிறது. அதே நாட்களில் குட்டி இன்னொன்றும் செய்கிறது: முட்டிக்கொண்டு வந்தால் தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு நகர்ந்துபோய்க் கழித்துவிட்டு, திரும்பி வந்து உடன்பிறப்புகளோடு ஒட்டிக்கொள்கிறது. யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. படுக்கும் இடம் வேறு, கழிக்கும் இடம் வேறு என்பதை நாய்க்குட்டி நம் வீட்டுக்கு வருவதற்கு வெகு முன்பே அறிந்திருக்கிறது. அதற்குத் தெரியாதது ஒன்றுதான்: நம் கூடமும் படுக்கையறையும் சமையலறையும் சேர்ந்த முழு வீடும் அதன் படுக்கை என்பது. நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது அவ்வளவே. அதைச் சரியான நேரத்தில் சொன்னால் குட்டிக்கு எளிதில் புரியும். நேரம் தவறிச் சொன்னால் புரியாது. இந்த அத்தியாயம் அந்த நேரத்தைப் பற்றியது.

காலடியில் பதியும் பாடம்

நாய்க்குட்டியின் வளர்ச்சியை வாரம் வாரமாகக் கவனித்துப் பதிவு செய்தவர்களில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் முக்கியமானவர்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் பசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பானியல், ஷெட்லாந்து ஷீப்டாக், ஃபாக்ஸ் டெரியர் ஆகிய ஐந்து இனங்களை அவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1965இல் நூலாக வந்தன. மூன்று வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டு வாரம் வரை குட்டி பிற உயிர்களோடு உறவு பழகும் பருவம் என்பது அவர்கள் நிறுவிய பெரிய உண்மை. அதே ஆய்வில் இன்னொரு குறிப்பும் உண்டு. எட்டரை வார அளவில் குட்டிகள் அங்கங்கே கழிப்பதை விட்டு, சில இடங்களைத் தேர்ந்துகொண்டு திரும்பத் திரும்ப அங்கேயே போகத் தொடங்குகின்றன.

பொதுவாகக் குட்டி தாயைப் பிரிந்து புது வீட்டுக்கு வருவது எட்டு வாரத்தில். கழிக்கும் இடத்தைக் குட்டி தேர்ந்துகொள்ளும் வாரமும் அதுவே. முதல் இரண்டு மூன்று வாரங்களில் நாம் எடுக்கும் கவனம் பின்னால் வரும் பல மாத உழைப்பை மிச்சப்படுத்துவதற்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான்.

இடத்தைக் குட்டி எப்படி அடையாளம் வைத்துக்கொள்கிறது? ஒன்று வாடை, இன்னொன்று உள்ளங்காலுக்குப் பழகிய தரை. மண்ணில் வளர்ந்த குட்டி மண்ணைத் தேடும். பழைய செய்தித்தாள் விரித்த அறையில் வளர்ந்தது தாளைத் தேடும். சாக்கின் மேல் வளர்ந்த குட்டி புது வீட்டுக்கு வந்ததும் வாசல் மிதியடியிலோ கட்டிலடியில் விரித்த கம்பளத்திலோ போய் நிற்பது பிடிவாதமல்ல. காலுக்குத் தெரிந்த, ஈரத்தை உறிஞ்சும் பரப்பை அது கண்டுபிடித்துவிட்டது. பழக்கம் படியும் வரை மிதியடிகளையும் விரிப்புகளையும் சுருட்டி எடுத்து வைத்துவிடுவது பாதி வேலையை முடித்துவிடும். நாய்க்குட்டிகள் வழவழப்பான டைல்ஸ் தரையைத் தாமாகத் தேர்வது குறைவு. பெரும்பாலும் வேறு வழியில்லாதபோதே அங்கே கழிக்கின்றன.

விற்பனைக்காகக் கம்பிக் கூண்டில் அடைத்து வளர்க்கப்பட்ட குட்டிகளின் நிலை வேறு. நகர்ந்துபோக இடமில்லாததால் படுத்த இடத்திலேயே கழித்துப் பழகிவிடுகின்றன. மூன்றாம் வாரத்தில் துளிர்த்த இயல்பு அங்கேயே மழுங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட குட்டிகளுக்குப் பயிற்சி தரக் கூடுதல் காலம் பிடிக்கும். குட்டியை வாங்கும் முன் அது வளர்ந்த இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். தாய் எங்கே படுக்கிறது, குட்டிகள் எங்கே கழிக்கின்றன என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டாலும் கேடு அதேதான். சங்கிலியின் நீளத்துக்குள்ளேயே உண்டு, உறங்கி, கழிக்க வேண்டிய குட்டிக்கு நாம் என்ன பழக்கத்தைக் கேட்க முடியும்?

அடக்க முடியாத உடல்

குட்டி வேண்டுமென்றே வீட்டுக்குள் கழிக்கிறது என்று நினைப்பவர்கள் அதன் உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பும்போது அதன் சுவர் இழுபட்டு, செய்தி தண்டுவடம் வழியாக மூளைத்தண்டுக்கு ஏறுகிறது. அங்கே ‘பான்ஸ்’ என்ற பகுதியில், பையைச் சுருக்கி வாயைத் திறக்கும் கட்டளை பிறக்கிறது. பிரிட்டன் மருத்துவர் ஃபிரெட்ரிக் பாரிங்டன் பூனைகளை ஆராய்ந்து 1925இல் இந்த மையத்தை இனங்கண்டார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதற்கு மேலே முன்மூளை இருக்கிறது. “இப்போது வேண்டாம், வெளியே போனதும்” என்று நிறுத்திவைப்பது அதன் பொறுப்பு. இந்த மேல்கட்டுப்பாடு பிறக்கும்போதே முழுமையாக இருப்பதில்லை. மாதக்கணக்கில்தான் முதிர்கிறது. இரண்டு மாதக் குட்டிக்கு உந்துதல் தெரிவதற்கும் தரை நனைவதற்கும் இடையே மிகக் குறைந்த நேரமே இருக்கிறது.

போதாததற்கு, குட்டியின் சிறுநீரகத்துக்கு நீரை இழுத்துச் சேமித்துச் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் வளர்ந்த நாய் அளவுக்கு இருப்பதில்லை. அதனால் உடல் எடைக்கு ஒப்பிட்டால் குட்டி கழிக்கும் நீர் அதிகம். அதைத் தாங்கும் பை சிறிது. பயிற்சியாளர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணே குட்டி தாங்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. இது அமைதியாகப் படுத்திருக்கும்போது பொருந்தும் உச்ச அளவு. ஓடி விளையாடும் நேரத்தில் அரை மணிக்கு ஒரு முறைகூட அதற்கு முட்டும்.

மலம் கழிப்பதற்கு இன்னும் தெளிவான ஒழுங்கு உண்டு. இரைப்பையில் உணவு விழுந்து அது விரிந்ததும் பெருங்குடல் அசைந்து பழையதை முன்னே தள்ளத் தொடங்கும். மனிதக் குழந்தைகளிடமும் இதைப் பார்க்கலாம். குட்டிகளில் இது மிக வலுவாக இருப்பதால், உண்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் பெரும்பாலும் மலம் கழிக்கும். ஆகவே உணவு வைக்கும் நேரத்தை நாம் முடிவு செய்தால், கழிக்கும் நேரமும் நம் கைக்கு வந்துவிடுகிறது. தட்டில் நாள் முழுக்கச் சோறு கிடந்தால் குடலுக்கும் ஒழுங்கில்லை, நமக்கும் கணிப்பில்லை. எட்டு வாரக் குட்டிக்கு நாளுக்கு மூன்று நான்கு வேளை, ஒரே நேரத்தில் வைத்து, கால் மணியில் தட்டை எடுத்துவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில் இப்படிச் செய்யக் கூடாது. வீடு நனையாமல் இருக்க வேண்டும் என்று பகலில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவது, நம் ஊர் வெயிலில் குட்டியை நேரடியாக ஆபத்தில் தள்ளும். இன்னொரு வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். குட்டி என்றாலே பாலும் பால்சோறும் பிஸ்கட்டும் கொடுப்பவர்கள் ஏராளம். தாய்ப்பால் மறந்த குட்டியின் குடலில் பாலின் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை குடலில் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வயிறு போகும் குட்டிக்கு எந்த நேர ஒழுங்கும் செல்லாது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் குட்டியின் நாள் ஒரு கடிகாரமாகத் தெரியும். தூங்கி எழுந்ததும், உண்டதும், தண்ணீர் குடித்ததும், விளையாட்டு ஓய்ந்ததும், இரவு படுக்கும் முன்பும் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். இடையில், ஓடிக்கொண்டிருந்தது திடீரென நின்று மூக்கைத் தரையில் வைத்து மோந்தாலோ, வட்டமிட்டாலோ, யாரும் இல்லாத மூலையை நோக்கி நடந்தாலோ, உடனே தூக்க வேண்டும். நடு இரவில் ஒரு முறை எழ வேண்டியிருக்கும். உறக்கத்தில் அசைவும் நீர் குடிப்பதும் இல்லாததால் பகலைவிட இரவில் அதிக நேரம் தாங்கும். சில வாரங்களில் இரவு முழுவதும் தாங்கத் தொடங்கிவிடும்.

சில விநாடிகளின் கணக்கு

சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். குட்டி அங்கே கழித்துவிட்டது. அடுத்த சில விநாடிகளில் நாம் செய்வதுதான் பாடம்.

எட்வர்டு தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்தார். தாழ்ப்பாளைத் தட்டிவிட்டு வெளியே வந்து உணவைப் பெற்ற பூனை, அடுத்தடுத்த முறைகளில் வேகமாக அதையே செய்தது. நல்ல விளைவைத் தரும் செயல் வலுப்படும் என்று அவர் வகுத்த விதி இன்றைய விலங்குப் பயிற்சி முழுவதற்கும் அடித்தளம். அந்த விளைவு எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்பதை 1948இல் ராபர்ட் கிரைஸ் எலிகளில் அளந்தார். கறுப்பு, வெள்ளை வழிகளில் சரியானதைத் தேர்ந்த எலிக்கு உணவைச் சில விநாடி தாமதித்துக் கொடுத்தபோதே கற்றல் வெகுவாகத் தளர்ந்தது. பத்து விநாடி தாமதித்தபோது பல எலிகளால் கற்கவே முடியவில்லை.

இதன் நரம்பியல் பின்னணியை வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளிடம் காட்டினார். எதிர்பாராத பழச்சாறு நாவில் பட்டதும் நடுமூளையின் டோபமின் நரம்பணுக்கள் துடித்தன. சாறுக்கு முன் ஒரு சைகை வருவது பழகியபின், அந்தத் துடிப்பு சைகைக்கே இடம்பெயர்ந்தது. குட்டிக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. “நல்ல பிள்ளை” என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு உடனே ஒரு சிறு துண்டு உணவு கொடுத்து வந்தால், விரைவில் அந்தச் சொல்லே பரிசாகிவிடும். அதே போல, கழிக்கத் தொடங்கும் நொடியில் “உச்சா போ” என்று மெதுவாகச் சொல்லிப் பழக்கினால், பின்னாளில் அந்தச் சொல்லைக் கேட்டதும் குட்டி வேலையை முடித்துவிடும். மழை நாளில் இதன் அருமை தெரியும்.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று: உணவுத் துண்டு நம் கையிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்குள் திரும்பி வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் பரிசு என்று குட்டி புரிந்துகொள்ளும். கழித்த மறுகணமே வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவதும் தவறு. வெளியே இருக்கும் இன்பம் கழித்தவுடன் முடிந்துபோகிறது என்று கண்டுகொண்ட குட்டி, கழிப்பதைத் தள்ளிப்போடும். முடித்த பிறகு சற்று விளையாடவிட்டு அழைத்து வர வேண்டும்.

நேரமும் பரிசும் கூடினால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு சாட்சி. மாட்டுக் கழிவிலிருந்து கிளம்பும் அம்மோனியாவைக் குறைக்க வழிதேடிய ஜெர்மனி, நியூசிலாந்து ஆய்வாளர்கள், 16 கன்றுகளுக்கு ஒதுக்கிய அறையில் சிறுநீர் கழிக்கப் பயிற்சி தந்தார்கள். அங்கே கழித்தால் தீனி. வேறிடத்தில் கழித்தால் சிறிது தண்ணீர்த் தெளிப்பு. சில வாரங்களில் 11 கன்றுகள் கற்றுக்கொண்டன. படுக்கையை விட்டு நகர்ந்துபோய்க் கழிக்கும் நாய்க்குட்டியின் பழக்கம் மேயும் விலங்கான மாட்டுக்கு இல்லை. கன்றுக்கே இது கைகூடுகிறது என்றால், அந்த இயல்போடு வந்திருக்கும் நாய்க்குட்டிக்குக் கைகூடாமல் போகாது.

அடி என்ன கற்றுக்கொடுக்கிறது

வீட்டுக்குள் கழித்த குட்டியின் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, அந்த இடத்துக்கு இழுத்துப்போய்த் திட்டுவது என்பவை தலைமுறைகளாகத் தொடர்கின்றன. இவற்றை ஒருவர்கூடச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அறிவியலும் அதையே சொல்கிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சாலமன் குழுவினர் நாய்க்குட்டிகளை வைத்து நடத்திய ஆய்வு 1968இல் வெளியானது. விருப்பமான இறைச்சியைத் தொட்டால் குட்டிக்கு அடி விழும். சில குட்டிகளுக்குத் தொட்டவுடன். சிலவற்றுக்கு 5 விநாடி கழித்து. சிலவற்றுக்கு 15 விநாடி கழித்து. பிறகு ஆள் இல்லாத அறையில் இறைச்சியோடு விட்டார்கள். 15 விநாடி தாமதமாக அடிபட்டவை சில நிமிடங்களிலேயே இறைச்சியைத் தின்றன. ஆனால் பயந்து நடுங்கியபடி தின்றன. எந்தச் செயலுக்காக அடி என்பது அவற்றுக்கு விளங்கவில்லை. பயம் மட்டும் தங்கியது. பதினைந்து விநாடிக்கே இப்படி என்றால், மாலையில் வேலையிலிருந்து திரும்பிவந்து காலை ஈரத்துக்கு அடிப்பதால் என்ன விளங்கும்?

கழிக்கும் நொடியிலேயே அடித்தால்? அப்போதும் பாடம் தவறானதே. இறைச்சியைத் தின்னாமல் இருக்கலாம். சிறுநீர் கழிக்காமல் இருக்க முடியாது. குட்டி கற்றுக்கொள்வது “மனிதர் கண்முன் கழிக்காதே” என்பதை. அதன்பின் அது சோபாவுக்குப் பின்னால் போகும். வெளியே அழைத்துப்போனால் நாம் பக்கத்தில் நிற்கும்வரை அடக்கிக்கொண்டே நிற்கும். கையும் களவுமாகப் பார்த்தால் கையைத் தட்டி அதன் கவனத்தைத் திருப்பி, அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போய், மிச்சத்தை அங்கே முடித்ததும் பாராட்டினால் போதும். பார்க்காமல் போயிருந்தால் துடைத்துவிட்டு, அடுத்த முறைக்கான நேரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

“செய்த தப்பு அதற்குத் தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்” என்பார்கள். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டதாகச் சிலரிடம் உண்மையும் சிலரிடம் பொய்யும் சொல்லப்பட்டது. காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கும் அந்த ‘குற்ற முகம்’ நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. திட்டு விழுந்ததா என்பதைப் பொறுத்தே வந்தது. நாம் குற்ற உணர்வு என்று படிப்பது நாயின் பயத்தை.

பயம் வேறொரு வகையிலும் தரையை நனைக்கும். சில குட்டிகள் நாம் குனிந்து நெருங்கும்போதோ குரலை உயர்த்தும்போதோ படுத்துப் புரண்டு சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும். தான் அடங்கியவன் என்று மூத்த நாய்க்குக் குட்டி காட்டும் அறிகுறி அது. இதற்குத் திட்டினால் இன்னும் அதிகமாகும். பக்கவாட்டில் உட்கார்ந்து, மெல்லப் பேசி, அதுவாக வரவிட்டால் வளர வளர நின்றுவிடும்.

மூக்கு வைத்திருக்கும் வரைபடம்

மனிதனின் மூக்கில் வேலை செய்யும் வாடை ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. நாய்க்கு அதைப் போல் இரு மடங்கு. அவற்றைத் தாங்கும் சவ்வின் பரப்பும் பன்மடங்கு. நாம் துடைத்துச் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கும் மூலை அதற்கு இன்னும் கழிப்பிடமாகவே இருக்கும். சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. ஆகவே அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் அந்த வாடையைக் கூட்டவே செய்யும். ஃபினைல் தன் வாடையால் நம் மூக்கை மட்டுமே ஏமாற்றும். அதில் சில வகைகள் பாதத்தையும் தரையையும் நக்கும் குட்டிக்கு நஞ்சு. உடனே ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் கழுவி, செல்லப்பிராணிகளுக்கென்று விற்கும் நொதி கலந்த திரவத்தால் துடைப்பது நல்லது. நனைந்த துணியில் ஒன்றை, குட்டி போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அதே மூக்கு நமக்கு உதவும்.

அடுக்குமாடி வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. நாய்க்குட்டிகளைத் தாக்கும், 1978இல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். தடுப்பூசித் தொடர் முடிய ஏறத்தாழ பதினாறு வாரமாகும். அதுவரை தெரு நாய்கள் கழிக்கும் இடங்களில் குட்டியை இறக்கக் கூடாது. அதே வாரங்கள்தான் பழக்கம் பதியும் காலமும். பால்கனியிலோ மொட்டைமாடியிலோ ஓர் அகலத் தட்டில் மண்ணையோ புல்லையோ பரப்பி வைத்தால் இரண்டும் நடக்கும். பின்னால் கீழே இறங்கும்போது கால் தேடுவது அதே மண்ணைத்தான். செய்தித்தாளில் பழக்கினால் பிறகு ஒரு முறை மாற்றிப் பழக்க வேண்டியிருக்கும். வெளியே போகத் தொடங்கியதும் மலத்தை அள்ளி அப்புறப்படுத்துவது நம் கடமை. அதிலுள்ள உருண்டைப்புழு முட்டைகள் சில வாரங்களில் மண்ணிலேயே தொற்றும் நிலைக்கு வளர்ந்து, அங்கே விளையாடும் குழந்தைகளைச் சேரும்.

பழகிய நாய் தவறும்போது

பழக்கம் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாத வயதுக்குள் உறுதிப்படும். சில குட்டிகளுக்கு ஓர் ஆண்டு வரை ஆகலாம். நன்றாகப் பழகிய நாய் திடீரென வீட்டுக்குள் கழித்தால் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. சிறுநீர்ப் பாதைத் தொற்று, பையில் கல், நீரிழிவு, சிறுநீரக நோய் எல்லாம் இப்படித்தான் தலைகாட்டும்.

இதில் நாம் பொறுமை இழந்தால் விலை கொடுப்பது நாய். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கேரி பேட்ரோனெக் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டுக்குள் அடிக்கடி கழிக்கும் நாய்கள் காப்பகத்தில் விடப்படும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. சில வாரங்கள் நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்றால் ஓர் உயிர் வீடு இழக்கிறது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு முறைகூடத் தவறாத நாய், மூப்பில் மறுபடி தவறத் தொடங்கலாம். அல்சைமர் நோயில் சேர்வதைப் போலவே முதிய நாய்களின் மூளையிலும் பீட்டா அமிலாய்டு புரதம் படிகிறது. கற்ற பழக்கம் மறப்பது அந்த மறதி நோயின் அறிகுறிகளில் ஒன்று. அப்போதும் மருந்து அதே கடிகாரம்தான்: எழுந்ததும், உண்டதும், படுக்கும் முன்பும் கூட்டிக்கொண்டு போவது. குட்டிக்காக முதல் மாதங்களில் நாம் பழகிக்கொள்ளும் நேர ஒழுங்கும் அடிக்காத கையும் கடைசி மாதங்களிலும் அதற்குத் தேவைப்படும். நாய் வளர்க்க முடிவு செய்பவர் இந்த இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்.